ஊசியா, கோடரியா? மரம் துளைக்கும் வண்டுகளுக்கு எதிரே இருக்கும் வழிகள்

அடிமரத்தில் ஒரு துளை. துளைக்குக் கீழே தரையில் ஒரு பிடி ஈரத்தூள். மரத்தோட்டம் வைத்திருப்பவருக்கு வயிற்றைக் கலக்க இவ்வளவு போதும். நாலைந்து ஆண்டு காத்து வளர்த்த மரத்துக்குள் ஏதோ குடியேறிவிட்டது. எத்தனை புழுக்கள், எவ்வளவு ஆழம் போயிருக்கின்றன என்பது வெளியிலிருந்து தெரிவதில்லை. அந்தப் பதற்றத்தில் முதலில் நினைவுக்கு வருவது மருந்துதான். ஊசிக்குழாயில் பூச்சிக்கொல்லியை நிரப்பித் துளைக்குள் செலுத்தி, களிமண்ணால் அடைத்துவிட்டால் ஏதோ செய்துமுடித்த நிம்மதி வருகிறது. மரத்துக்கு அதனால் நன்மை உண்டா என்பது வேறு கேள்வி.

மருந்தே பயன்படாது என்று சொல்ல வரவில்லை. சில வண்டுகளுக்கு அது சரியான வழி. சிலவற்றுக்குக் கோடரி. இன்னும் சிலவற்றுக்கு இரண்டும் வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். எதற்கு எது என்று பிரித்துப் பார்க்கலாம். தேக்கு, தைலமரம், சவுக்கு, மான்ஜியம் (ஒரு வேல இனம்), ஃபல்காட்டா (வேகமாக வளரும் ஒரு மரம்), ரப்பர் போன்ற வெப்பமண்டலத் தோட்ட மரங்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் ஈரத்தைப் பார்க்க வேண்டும்

பூச்சியியல் நூல்கள் வண்டுகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கும். முடிவெடுக்க வேண்டியவருக்கு அதைவிடப் பயன்படும் கேள்வி ஒன்று உண்டு: இந்த வண்டுக்கு எவ்வளவு ஈரமுள்ள மரம் வேண்டும்?

நன்றாகச் சாறு ஓடும் உயிர்மரத்தையே தேடி வருபவை சில. செலோஸ்டெர்னா ஸ்காப்ரேட்டர் என்ற நீள்கொம்பு வண்டு இளம் தைலமரம், சவுக்கு, கருவேலம் ஆகியவற்றின் அடிப்பட்டையில் முட்டையிடுகிறது. புழு தண்டுக்குள் நுழைந்து வேரை நோக்கிக் கீழே குடைந்துகொண்டே போகிறது. ஃபல்காட்டாவின் பெரும்பகை சைஸ்ட்ரோசெரா ஃபெஸ்டிவாவும் இந்த வகைதான். சாறு குறைந்து தளர்ந்த மரங்களை நாடுபவை இன்னொரு கூட்டம். ஆஸ்திரேலியாவில் பிறந்து, தைலமரம் நடப்பட்ட நாடுகளுக்கெல்லாம் அதன் பின்னாலேயே போய்ச் சேர்ந்த ஃபொராகாந்தா செமிபங்டேட்டாவை இங்கே சொல்ல வேண்டும். வறட்சியில் வாடிய மரத்திலும் அப்போதுதான் வெட்டிய கட்டையிலும் அது முட்டையிடும். ஈரம் ததும்பும் பட்டைக்குள் நுழைகிற அதன் குஞ்சுப் புழுக்கள் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

வெட்டிய சில நாள்களுக்குள் பச்சைக் கட்டையில் ஊசித்துளை போடும் அம்புரோசியா வண்டுகள் மூன்றாவது வகை. காய்ந்த பலகையின் வெள்ளைப்பகுதியை (பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரத்தை) மாவாக்கும் உளுப்பு வண்டுகள், அதாவது லைக்டஸ், மின்தியா, சைனாக்சிலான் முதலியவை, நான்காவது. முதல் வகைக்கும் நான்காம் வகைக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் இடைவெளி இருக்கிறது. ஒரே மரம் தன் வாழ்நாளில் நான்கு வகையிடமும் சிக்கக்கூடும்.

எது வந்திருக்கிறது என்பதைத் துளையே ஓரளவு சொல்லிவிடும். கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். விரல் நுழையும் அளவு நீள்வட்டத் துளையும், நார் நாராகச் சீவியது போன்ற தூளும் இருந்தால் நீள்கொம்பு வண்டின் வேலையாக இருக்கலாம். பென்சில் முனை அளவுகூட இல்லாத வட்டத்துளை, ஓரத்தில் கரி பூசியதுபோல் கறை, உள்ளே தூளே இல்லை என்றால் அம்புரோசியா. சில அம்புரோசியா வண்டுகள் வெளித்தள்ளும் தூள் உதிராமல் ஒட்டிக்கொண்டு, வெள்ளை வெள்ளைக் குச்சிகளாகப் பட்டையிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும்; காற்று பலமாக அடித்தால் ஒடிந்து விழும். காய்ந்த கட்டையில் அதே அளவு துளை, தட்டினால் முகப்பவுடர் போல மென்தூள் கொட்டுகிறது என்றால் உளுப்பு வண்டு.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது. துளையெல்லாம் வண்டு போட்டதாகவே நினைத்துவிடுகிறோம். மியான்மரிலும் தாய்லாந்திலும் தேக்குப் பலகையின் மதிப்பைக் கெடுக்கும் பெருந்துளை ஓர் அந்துப்பூச்சியின் புழு போட்டது. மகோகனியின் குருத்தைத் துளைத்து மரத்தைக் கவை கவையாக்குவதும் அந்துப்பூச்சிதான். துளை வாயில் பழுப்பு நிறக் கூட்டுப்புழுத் தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது அந்துப்பூச்சி என்பது ஏறக்குறைய உறுதி. வண்டுகள் அப்படித் தோலை வாசலில் விட்டுப் போவதில்லை. அந்துப்பூச்சிக்கு வண்டுக்கான பொறியை வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு.

இதற்குமேல் சந்தேகம் இருந்தால் ஒரு மரத்தை இழக்கத் துணிய வேண்டும். அடிப்பட்ட மரங்களில் ஒன்றை வெட்டி, துளை உள்ள பகுதியை ஒரு முழத் துண்டாக அறுத்து, வைரம் (மரத்தின் கெட்டியான உட்பகுதி) வரை பிளந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் கிடைக்கும் தெளிவு பத்து மாத யூகத்தில் கிடைக்காது. புழு பட்டையடியில் இருக்கிறதா, வெள்ளைப்பகுதியில் இருக்கிறதா, வைரத்துக்குள் போய்விட்டதா? கீழே சொல்லப்போகும் வழிகளில் எதற்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்பது இந்த விடையைப் பொறுத்தது.

சும்மா இருப்பதும் ஒரு வழி

ஒப்பீடுகளில் இதை யாரும் சேர்ப்பதில்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. மரத்தில் வண்டு இருப்பதாலேயே மரம் வண்டால் நோயுற்றது என்று ஆகிவிடாது. பட்டுப்போன கிளையிலும், கவாத்துச் செய்த குச்சியிலும், இடி விழுந்து நின்ற மரத்திலும் துளைப்பான்கள் வருவது இயல்பு. மரம் விழுந்தபின் வந்த வண்டைத் துரத்துவதில் பொருளில்லை. தோட்டம் முழுக்கப் பத்துப் பதினைந்து மரங்களில் மட்டும் துளை, அவையும் ஏற்கெனவே நிழலில் நசுங்கி மெலிந்தவை என்றால் வேடிக்கை பார்த்துக்கொண்டே கணக்கெடுப்பது போதும். மாதம் ஒருமுறை ஒரே பாதையில் நடந்து, புதிதாகத் தூள் தள்ளும் மரங்களுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு எண்ணி வந்தால் போதும். எண்ணிக்கை ஏறுகிறதா, நிற்கிறதா என்று தெரிந்தபிறகு அடுத்ததை யோசிக்கலாம்.

உயிருள்ள, வாட்டமில்லாத மரங்களில் புதுத்தூள் தெரிந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

ஊசி எங்கே எடுபடும்

மருந்து செலுத்துவதில் இரண்டு முறைகள் உள்ளன. புழு இருக்கும் துளைக்குள்ளேயே மருந்தை விட்டு அடைப்பது ஒன்று. அடிமரத்தில் துளையிட்டு, சாற்றோடு ஏறும் மருந்தை மரத்துக்குள் செலுத்துவது இன்னொன்று.

முதல் முறை செலோஸ்டெர்னா போன்றவற்றுக்குப் பொருந்தும். காரணம் எளியது: அந்தப் புழு கழிவை வெளியே தள்ளுவதற்காகத் தரைமட்டத்தருகே ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. ஒரு மரத்தில் பெரும்பாலும் ஒன்றிரண்டு புழுக்கள்தான் இருக்கும். வாசலைக் கம்பியால் சுத்தம் செய்து மருந்தை விட்டு அடைத்தால் புழுவிடம் மருந்து போய்ச் சேரும். இரண்டு வாரம் கழித்துப் பார்க்கையில் அடைப்பு அப்படியே இருந்தால் வேலை முடிந்தது. அடைப்பை உடைத்துப் புதுத்தூள் வந்திருந்தால் மறுபடி செய்ய வேண்டும். இளம் தோட்டத்தில், தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் ஊசியைவிடச் சிறந்தது வேறில்லை. மரமும் மிஞ்சும்.

சைஸ்ட்ரோசெராவிடம் இது பலிக்காது. அது முட்டைகளைக் கொத்தாக இடுகிறது. ஒரு கொத்தில் நூற்றுக்கும் மேல் இருக்கலாம். பொரித்த புழுக்கள் கூட்டமாகவே பட்டையடியில் மேய்ந்து, பிறகு ஆளுக்கொரு சுரங்கம் என்று வெள்ளைப்பகுதிக்குள் மேல்நோக்கிப் போகின்றன. ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து ஊசி போடுவது யாராலும் ஆகாது. பெருமரங்களின் வைரத்தைக் குடையும் வண்டுகளிடமும் இதே நிலைதான்: நீண்டு வளைந்த சுரங்கம் முழுக்கத் தூள் இறுகிக் கிடக்கும், மருந்து முதல் சாணோடு நின்றுவிடும்.

அம்புரோசியா வண்டுகளின் கதை விசித்திரமானது. அவை மரத்தை உண்பதே இல்லை. உடலில் உள்ள சிறு பைகளில் பூஞ்சை விதைகளைச் சுமந்து வந்து, துளையின் சுவரில் விதைத்து, அந்தப் பூஞ்சையை வளர்த்துத் தாமும் குஞ்சுகளும் உண்ணும் உழவர்கள் அவை. தோண்டிய மரத்தூளை வெளியே கொட்டிவிடுகின்றன. மரத்தில் நஞ்சு ஏற்றினால் அதை உண்ணாத பூச்சிக்கு அது எப்படிச் சேரும்? சாற்றில் ஏறும் மருந்து அம்புரோசியாவிடம் பெரும்பாலும் ஏமாற்றுவதன் காரணம் இதுதான்.

இரண்டாவது முறை, சாற்றில் ஏற்றும் ஊசி, நகரத்துச் சாலையோர மரங்களுக்கும் விதைத்தோட்டத்துத் தாய்மரங்களுக்கும் ஏற்றது. தோட்டக் கணக்குக்கு ஒத்துவருமா என்று பார்ப்போம். மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் ஒரு ஹெக்டேரில் 1,667 மரங்கள். மரத்துக்கு ஐந்தே நிமிடம் என்றாலும் சுமார் 139 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளில் பதினேழு ஆள்நாளுக்கு மேல். மருந்துச் செலவு தனி. எந்தத் துளையிலிருந்து வண்டைத் துரத்துகிறோமோ, அந்த மரத்திலேயே நாமும் புதிதாகத் துளை போடுகிறோம். அதன் வழியே பூஞ்சையும் அழுகலும் புகலாம். தைலமரம் பூக்கும் காலத்தில் இந்த மருந்து தேனீக்கும் போய்ச் சேரும். ஒரு மரம் ஒரு வீட்டுக்குச் சமம் என்ற நிலை இருந்தால் ஒழிய, பயிராக நட்ட மரத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோடரியின் முறை

தாக்கப்பட்ட மரத்தை வெட்டி அகற்றுவது மனத்துக்குக் கசப்பான வழி. வெட்டுவதே தோல்வி என்று தோன்றும். ஆனால் கூட்டமாகத் தாக்கும் வண்டுக்கும், வைரத்துக்குள் போய்விட்ட வண்டுக்கும் எதிரே, ஏற்கெனவே உள்ளவற்றில் இதுதான் மிகுந்த பலன் தருவது. அந்த ஒரு மரத்திலிருந்து வெளிவரவிருந்த வண்டுகள் வெளிவராமல் போகின்றன. ஊசியைப் போல ஒரு புழுவையோ இரண்டு புழுவையோ அது குறிவைப்பதில்லை. ஒரு தலைமுறையையே குறிவைக்கிறது.

ஃபல்காட்டாத் தோட்டங்களில் மூன்று, நான்கு வயதிலேயே சைஸ்ட்ரோசெரா தொடங்கிவிடும். புழுக்கள் பட்டையடியில் கூட்டமாக இருக்கும் வாரங்களே மனிதனுக்கு வாய்க்கும் அவகாசம். அந்த நேரத்தில் பட்டை வெடித்து, பழுப்புச் சாறு கசிந்து, தூள் தொங்கும். அந்த இடத்துப் பட்டையை அரிவாளால் சீவினால் உள்ளே வெளிர்மஞ்சள் புழுக்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நெளியும். பட்டை போய் வெளியே விழுந்தாலே அவை பிழைப்பதில்லை. வெயிலும் எறும்பும் பறவையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் பட்டை சீவலே மரத்தையும் காப்பாற்றும். கட்டம் தாண்டிப் புழுக்கள் மரத்துக்குள் போய்விட்டால் வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

வெட்டுவதில் பலரும் கோட்டைவிடும் இடம் வெட்டிய பிறகுதான். மரம் சாய்ந்ததும் வேலை முடிந்ததாக நினைத்து, கட்டைகளைத் தோட்ட ஓரத்தில் விறகாக அடுக்கிவிடுகிறார்கள். உள்ளே ஆழமாகப் போய்விட்ட புழுவுக்கு மரம் நிற்கிறதா கிடக்கிறதா என்பது பொருட்டில்லை. அது கூட்டுப்புழுவாகி, வண்டாகி, பருவம் வந்ததும் வெளியேறும். காயும் மரத்தில் வளர்ச்சி மந்தமாகி, எதிர்பார்த்ததைவிட வெகுநாள் கழித்து வெளிவருவதும் உண்டு. தோட்ட ஓரத்து விறகுக் குவியல் என்பது வண்டுக்கு நாமே கட்டிக்கொடுத்த வீடு. பட்டை உரித்தல், எரித்தல், பொடியாக்குதல், தொலைவுக்கு ஏற்றிவிடுதல் ஆகியவற்றில் எதையாவது அடுத்த பருவத்துக்கு முன் செய்ய முடியாவிட்டால் வெட்டியதால் பயன் பாதிதான்.

பொறிமரம்

மத்திய இந்தியாவின் சால் (குங்கிலிய மரம்) காடுகள் தோட்டங்கள் அல்ல, இயற்கைக் காடுகள். இருந்தாலும் அங்கே நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது. ஹோப்லோசெரம்பிக்ஸ் ஸ்பைனிகார்னிஸ் என்ற நீள்கொம்பு வண்டு சால் மரத்தின் வைரத்தைக் குடைகிறது. வழக்கமாக விழுந்த மரத்தோடும் நலிந்த மரத்தோடும் நின்றுவிடும். நல்ல மரத்தில் நுழையும் குஞ்சுப் புழுவைக் குங்கிலியப் பிசின் மூழ்கடித்துவிடும். வண்டின் எண்ணிக்கை எல்லை மீறினால் இந்தத் தற்காப்பும் உடைகிறது: ஒரே மரத்தில் அளவுக்கு மீறிப் புழுக்கள் நுழையும்போது பிசின் ஈடுகொடுப்பதில்லை. 1990களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தில் அப்படித்தான் லட்சக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன.

இந்த வண்டுக்குச் சால் மரத்தின் சாறு என்றால் உயிர். முதல் மழையோடு வண்டுகள் வெளிவரும் நேரத்தில் சில மரங்களை வெட்டி, துண்டுகளாக்கி, பட்டையின் முனைகளைக் கோடரியின் பின்பக்கத்தால் அடித்து நசுக்குவார்கள். கசியும் சாற்றின் வாசனைக்கு வண்டுகள் வந்து மொய்த்து, குடித்து, மந்தித்துப்போய்ப் பட்டையிடுக்கில் கிடக்கும். காலையில் போய்க் கையால் பொறுக்கி எடுப்பதுதான் வேலை. தலையை எண்ணிக் கூலி கொடுக்கும் ஏற்பாட்டில் காட்டுப்புறத்து மக்கள் பெருமளவில் இந்த வேலையைச் செய்தார்கள். மருந்து இல்லை, கருவி இல்லை. வண்டின் பலவீனத்தை அறிந்திருந்தால் போதும்.

தோட்டத்துக்கு இதைக் கொண்டுவரலாமா? தைலமரத்து ஃபொராகாந்தாவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்: புதிதாக வெட்டிய கட்டைகளைப் போட்டு வைத்து, வண்டு முட்டையிட்டபிறகு பட்டையை உரித்தோ எரித்தோ அழிப்பது. ஆனால் ஆள் ஒழுங்கு இல்லாத இடத்தில் பொறிமரம் ஆபத்தானது. ஊசி தவறினால் ஒரு மரம் போகும். பொறிக்கட்டையை உரிய நாளில் அழிக்கத் தவறினால் அதுவே நாற்றங்காலாகி, சுற்றிலும் உள்ள மரங்களுக்கு வண்டை அனுப்பும். கட்டை போட்ட தேதியையும் அழிக்க வேண்டிய தேதியையும் எழுதி வைத்து, அதன்படியே நடக்கும் ஒருவர் தோட்டத்தில் இருந்தால் மட்டும் இதில் இறங்கலாம். இல்லையென்றால் கோடரியோடு நின்றுவிடுவது நல்லது.

அம்புரோசியாவுக்கு வைக்கும் சாராயப் பொறியையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தளர்ந்த மரம் எத்தனால் வாசனையை வெளியிடுகிறது. அதை முகர்ந்தே இவை வருகின்றன. பிளாஸ்டிக் பாட்டிலில் சன்னல் வெட்டி, கைக்குப் பூசும் சானிடைசரைத் தூண்டிலாக வைத்தாலே வந்து விழும். எப்போது பறக்கின்றன, எவ்வளவு இருக்கின்றன என்று அறிய அது நல்ல கருவி. பாட்டில்களால் தோட்டத்தையே காலி செய்துவிடலாம் என்று நம்பிவிடக் கூடாது.

பறவை, குளவி, பூஞ்சை

மரங்கொத்தியை வரவழைக்கலாம், பூச்சிகளுக்கு நோய் தரும் பியூவேரியா பூஞ்சையைத் தெளிக்கலாம், ஒட்டுண்ணிக் குளவியை விடலாம் என்று பலவும் சொல்லப்படுகின்றன. எல்லாவற்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஜப்பானில் பூஞ்சை ஊட்டிய துணிப்பட்டையை மல்பெரி, எலுமிச்சை இன மரங்களின் அடியில் சுற்றி, அதன்மேல் நடந்துபோகும் நீள்கொம்பு வண்டுகளுக்கு நோய் தொற்றவைக்கிறார்கள். முதிர்ந்த வண்டு வெளியே நடமாடும் சில வாரங்களுக்கு இது அறிவார்ந்த முறை. மரத்துக்குள் இருக்கும் புழுவுக்குத் தெளிப்பால் பயனில்லை.

குளவியின் வெற்றிக்குக் கலிஃபோர்னியா நல்ல சான்று. 1984இல் அங்கே கண்டறியப்பட்ட ஃபொராகாந்தா செமிபங்டேட்டாவுக்கு எதிராக, அதன் முட்டைக்குள் முட்டையிடும் அவெட்டியானெல்லா லோங்கோய் என்ற நுண்குளவியை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். வண்டு சரசரவென்று குறைந்தது. 1995இல் அதே பேரினத்தைச் சேர்ந்த ரெகர்வா என்ற உறவுக்கார வண்டு வந்து சேர்ந்தது. அதன் முட்டையில் அதே குளவி அவ்வளவு சரியாக வளரவில்லை. ஓர் எதிரியை வென்ற இடத்தில் இன்னொன்று நிரம்பிக்கொண்டது. ஒரு தனி விவசாயி காசு கொடுத்து வாங்கிச் செய்யும் வேலையுமன்று இது. அரசும் ஆய்வு நிலையமும் ஆண்டுக்கணக்கில் செய்ய வேண்டியது. தனியாள் செய்யக்கூடியது ஒன்று: பொந்துள்ள ஒன்றிரண்டு பழைய மரங்களை எல்லையோரத்தில் வெட்டாமல் விட்டுவைப்பது. மரங்கொத்திக்கு அது போதும்.

தோட்டம் அமைக்கும் முறையிலேயே

இதுவரை சொன்னவை வண்டு வந்தபின் செய்பவை. என் எண்ணத்தில், கையில் உள்ள பணத்தில் பெரும்பங்கை வரும்முன்னேயே செலவழிப்பது லாபம். ஏன் என்றால் மேலே பார்த்த ஃபொராகாந்தாவும் சால் வண்டும் ஒன்றையே சொல்கின்றன: ஈரமுள்ள பட்டையும் பிசின் ஓட்டமும் உள்ள மரம், எந்த ஊசியும் இல்லாமல், தன் உடம்புக்குள்ளேயே புழுவைக் கொல்கிறது.

நெருக்கமாக நட்டு, நெருக்கம் குறைக்க வேண்டிய ஆண்டில் குறைக்காமல் விட்ட தோட்டம் வண்டுக்குத் தரும் அழைப்பு கொஞ்சநஞ்சமன்று. ஒவ்வொரு மரமும் பக்கத்து மரத்தோடு தண்ணீருக்குப் போட்டியிட்டு, கோடையில் பாதி மரங்கள் சாறு வற்றி நிற்கும். நெருக்கம் குறைப்பது செலவாகத் தோன்றலாம்; வெட்டிய மரம் விலை போகாமலும் இருக்கலாம். அதையும் வண்டுக்கான செலவில் எழுதிக்கொள்வதே நியாயம். மண்ணுக்குப் பொருந்தாத மரத்தை நடுவதும் இதே கணக்கில் சேரும்: களர் நிலத்தில், பாறைமேல் ஒரு முழ மண்ணில், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நட்ட மரம் ஆயுள் முழுக்கத் தளர்ந்தே இருக்கும்.

கலப்பு நடவு பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரே இனம் நட்டால் வண்டு பெருகும், கலந்து நட்டால் குறையும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் எதை எதோடு கலக்கிறோம் என்று பார்க்க வேண்டும். சைஸ்ட்ரோசெராவுக்கு ஃபல்காட்டா மட்டும் உணவன்று. வாகை, தூங்குமூஞ்சி, மான்ஜியம் எல்லாமே ஆகும். ஃபல்காட்டாவோடு வாகையைக் கலந்து நட்டுவிட்டுப் பாதுகாப்பு என்று நினைத்தால் வண்டுக்கு இரண்டாவது பந்தி வைத்ததாகும்.

இனத்தையே மாற்றுவது கடைசி வழி. இந்தோனேசியாவின் சுமத்திராவிலும் மலேசியாவின் சபாவிலும் பெரும்பரப்பில் மான்ஜியத்தைக் கைவிட்டு யூகலிப்டஸ் பெல்லிட்டாவுக்கு மாறினார்கள். அங்கே முதன்மைக் குற்றவாளி வண்டன்று, செரட்டோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நோய்; காயங்களின் வழியே நுழைந்து மரத்தை வாடவைத்தது, வாடிய மரங்களில் அம்புரோசியா வண்டுகள் வந்து குடைந்தன. இப்படி நோயும் வண்டும் கைகோத்து, அறுவடை வரை மரம் நிற்பதே சந்தேகம் என்று ஆகும்போது மருந்துக்கணக்கெல்லாம் பொருளிழந்துவிடும். ஆனாலும் புது இனம் என்பது புதுப் பகைகளோடும் புதுச் சந்தையோடும் வருகிறது. ஒரு சுழற்சி மோசமாகப் போனதற்காக மட்டும் இனம் மாற்ற வேண்டாம். கவனித்து நெருக்கம் குறைத்த தோட்டத்திலும் அதே கதி என்றால் மாற்றலாம்.

யாருக்காக மரம் வளர்க்கிறோம்

ஒரே துளைக்கு மூன்று விலை உண்டு. காகிதக் கூழுக்கும் விறகுக்கும் போகும் கட்டையில் துளை இருந்தாலும் எடை எடைதான். கட்டுமானப் பலகையில் துளை உள்ள பகுதியை அறுத்து ஒதுக்கலாம், பாதி மிஞ்சும். ஒட்டுப்பலகைக்கு உரித்தெடுக்கும் மேல்தகட்டில் ஊசித்துளை ஒன்றும் அதைச் சுற்றிய கறையும் இருந்தாலே கட்டை கீழ்த்தரத்துக்குப் போய்விடும். கூழுக்குச் சவுக்கோ தைலமரமோ வளர்ப்பவர் பத்தில் ஒரு மரத்தில் துளை கண்டு பதறுவதில் அர்த்தம் குறைவு. தகட்டுக்கு வளர்ப்பவர் நூற்றில் ஒன்றுக்கே விழிக்க வேண்டும்.

முன்கூட்டியே அறுவடை செய்வதும் இந்தக் கணக்கில்தான் தீர்மானமாகும். ஃபல்காட்டா போன்ற வேகமாக வளரும் மரத்தில் தாக்குதல் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனால், முழுவயது வரை காத்திருந்து கிடைக்கும் கூடுதல் பருமனை வண்டு தின்றுவிடும். இரண்டு ஆண்டுகளின் எண்ணிக்கை கையில் இருந்தால் எந்த ஆண்டில் வண்டால் வரும் இழப்பு வளர்ச்சியை மிஞ்சும் என்று காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். தைலமரம் போன்றவற்றில் வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்த்து வரும். ஆனால் செலோஸ்டெர்னா வேரைக் குடைந்த மரத்தில் மறுதாம்பை நம்பாமல் வேரோடு பிடுங்குவதே நல்லது.

கட்டையான பிறகு

தோட்டத்தில் தப்பிய மரம் வெட்டிய வாரத்தில் சிக்கிக்கொள்வது அடிக்கடி நடக்கும். ஈரக் காற்றுள்ள வெப்பமண்டலத்தில் அம்புரோசியா வண்டு வெட்டிய கட்டையைச் சில நாள்களில் கண்டுபிடித்துவிடும். இங்கே இருக்கும் வழிகளில் மிக மலிவானது வேகம். எத்தனை கட்டையை ஏற்ற முடியுமோ அத்தனையை மட்டும் வெட்டுவது. லாரி இல்லாத வாரத்தில் கோடரிக்கும் வேலை கூடாது.

ஏற்றமுடியாமல் தங்கிவிட்டால் இரண்டு எதிரெதிர் வழிகள். பட்டையை உரித்துச் சீக்கிரம் காயவைக்கலாம். நீள்கொம்பு வண்டுகள் முட்டையிடப் பட்டை வேண்டும், அதனால் அவை விலகும். ஆனால் ஈரம் இருக்கும்வரை அம்புரோசியா உரித்த கட்டையிலும் துளைக்கும். தைலமரம் வேறு உரித்ததும் வெடித்துப் பிளக்கும். மாறாக, கட்டையைக் குளத்தில் மூழ்க வைக்கலாம், அல்லது இடைவிடாமல் தண்ணீர் தெளிக்கலாம். ஈரம் அளவு மீறினால் வண்டுகளால் குடிபுக முடிவதில்லை. தண்ணீர் வசதி இருந்தால் இரண்டாவதே மேல். ஒரு நாள் உரிப்பது, மறுநாள் தெளிப்பது, பிறகு மறந்துவிடுவது என்று இரண்டுக்கும் நடுவே தடுமாறுவதில்தான் கட்டைகள் கெடுகின்றன.

பலகையான பிறகு வருபவை உளுப்பு வண்டுகள். வெள்ளைப்பகுதியில் உள்ள மாவுச்சத்துக்காகவே வருகின்றன. தேக்கின் வைரத்தை அவை தொடுவதில்லை. ரப்பர் மரம் முழுக்கவே வெள்ளையும் மாவும் என்பதால் அறுத்த கையோடு மருந்து ஏற்றியாக வேண்டும். போராக்சும் போரிக் அமிலமும் கலந்த கரைசலே பரவலான வழி. ஈரப்பலகைக்குள் அது தானாகப் பரவும், உலர்ந்தபின்னும் உள்ளே தங்கிக் காவல் நிற்கும். மழை படும் இடத்தில் கரைந்து போய்விடும் என்பது அதன் குறை. வீட்டுக்குள் போகும் பலகைக்கு அது குறையே இல்லை.

சூளையில் சூடேற்றுவது மறுபக்கம். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியசை எட்டி 30 நிமிடம் அதில் நின்றால் போதும் என்பது, ஏற்றுமதிப் பெட்டி மரங்களுக்கான பன்னாட்டு விதி. உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் செத்துவிடும். மருந்தின் எச்சமும் இருக்காது. ஆனால் சூடு ஆறியதும் அந்தப் பலகைக்குக் காவல் இல்லை. மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. சூளையிலிருந்து இறக்கிய ரப்பர் பலகையை, ஏற்கெனவே உளுத்துத் தூள் கொட்டும் பழைய அடுக்கின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனால், சில மாதங்களில் அதன் அடியிலும் வெண்மாவு சிறுசிறு குவியலாகக் கிடக்கும்.